பத்தாம் பூச்சி வரைந்த அக்காவுக்கு

அக்கா,

இன்று காலை எங்கள் தெருக்காரர்கள் கைப்பேசியில் வைத்திருக்கும் குழுவில் யாரோ ஒரு படப்புதிர் போட்டிருந்தார்கள். ஒரு பல், அதற்குப் பக்கத்தில் ஒரு லாரி. 'எங்கே, கண்டுபிடியுங்கள்' என்று கீழே ஒரு வரி. அடுப்பில் பால் காய்ந்துகொண்டிருந்தது. பல்லையும் லாரியையும் சேர்த்துப் படிக்க எனக்கு நேரமே ஆகவில்லை. பல்லாரி. நம் சந்தையில் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் பெரிய வெங்காயம். மெட்ராஸ்காரர்களுக்குப் பிடிபடாமல் போன அந்தப் புதிரைப் போட்டது நீங்கள். லாரியின் முன்சக்கரம் பின்சக்கரத்தைவிடப் பெரிதாக இருந்ததைப் பார்த்ததும் உறுதியாகிவிட்டது. மவுஸைப் பிடித்து ஒழுங்காக ஒரு வட்டம் போட உங்களுக்குக் கடைசிவரை வரவில்லை.

போட்டவர் பேர் இல்லாமல், யார் யார் கைக்கோ போய், இத்தனை வருடம் கழித்து அது என்னிடம் வந்திருக்கிறது. பால் பொங்கி வழிந்தது. அடுப்பை அணைத்துவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்தேன். உங்கள் முகம் நினைவுக்கு வருவதற்கு முன்னால் அந்தப் பழைய பயம் வந்தது, அக்கா. அந்த நாட்களில் உங்கள் படம் திரையில் விரியும்போதெல்லாம் வந்த அதே பயம். இதற்கு அவன் பதில் போடுவானா, மாட்டானா.

எனக்கு இயல்பிலேயே பயம் அதிகம். வீட்டுக்காரர் வர அரை மணி தாமதமானால் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடப்பேன். அப்படிப்பட்டவள் பொழுதுபோக்குக்காக ஒரு குழுவில் சேர்ந்து, உங்கள் பயத்தையும் வாங்கி மடியில் கட்டிக்கொண்டேன் என்பதை நினைத்தால் இப்போது சிரிப்பாகக்கூட இருக்கிறது.

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்புறத் தெருவில் ஒரு டி.டி.பி. சென்டரில் நான் அப்போது வேலை பார்த்தேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கருமாதி எல்லாவற்றுக்கும் கம்ப்யூட்டரில் எழுத்து அடித்துக் கொடுக்கிற வேலை. முகூர்த்த மாதங்களில் நிமிர நேரம் இருக்காது. ஆடியிலும் மார்கழியிலும் ஈ ஓட்டுவோம். முதலாளி நெட் இணைப்பு வாங்கிப் போட்டிருந்தார். அப்படி ஓர் ஆடியில்தான் அந்த மின்னஞ்சல் குழு கண்ணில் பட்டது. சிங்கப்பூரில் இருந்த ஒரு தமிழர் நடத்தினார். உறுப்பினர்கள் படம் வரைந்து போடுவார்கள், மற்றவர்கள் அதில் ஒளிந்திருக்கும் தமிழ்ச்சொல்லைக் கண்டுபிடிப்பார்கள். ஒரு வேல், பக்கத்தில் ஐந்து விரல் என்றால் 'வேலை'. ஒரு கால், ஐந்து விரல் என்றால் 'காலை'. அந்தக் காலத்தில் ஒருவர் அடித்த தமிழ் எழுத்து இன்னொருவர் திரையில் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். படத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. அதனால்தான் அந்தக் குழுவில் அவ்வளவு கூட்டம்.

நான் சும்மா பார்த்துக்கொண்டிருந்தவள். ஒருநாள் ஒரு குடையும் அதன் கீழே ஒரு தார்ச்சாலையும் வந்தன. 'குடைச்சாலை' என்றார் ஒருவர். 'நிழற்சாலை' என்றார் இன்னொருவர். நான் முதன்முதலாகப் பதில் அடித்தேன். கொடைரோடு, எங்கள் பக்கத்து ரயில்வே ஸ்டேஷன். உடனே சண்டை. குடை எப்படிக் கொடை ஆகும், எழுத்துப் பிழை, புதிர் செல்லாது என்றார்கள். புதிரைப் போட்டவர் ஆங்கில எழுத்தில் தமிழை அடித்து ஒரே ஒரு வரி எழுதினார்: "எங்க ஊர்ல மழைக்குப் பிடிக்கிறதும் கொடைதான்."

அது நீங்கள். எனக்கு உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி. கனடாவிலும் மலேசியாவிலும் இருந்தவர்களுக்கு நடுவே எட்டிப்பிடிக்கும் தூரத்தில் ஓர் ஆள். பதிலுக்கு நான் ஓர் ஆட்டை வரைந்து, அதன் தாடிக்கும் கொம்புக்கும் அம்புக்குறி போட்டு அனுப்பினேன். மற்றவர்கள் ஆடு, கிடா, வெள்ளாடு என்று தடவிக்கொண்டிருக்கும்போதே உங்கள் பதில் வந்துவிட்டது. தாடிக்கொம்பு. அதுதான் நான் பிறந்த ஊர். கொஞ்ச நேரத்தில் எனக்கு மட்டும் ஒரு தனி மடல்.

"நீ யாரு? எங்க இருக்க? சாப்டியா?"

முன்பின் தெரியாத ஆள் முதல் மடலிலேயே சாப்டியா என்று கேட்டது எனக்கு விசித்திரமாக இருந்தது. பயமாகவும் இருந்தது. பதில் எழுதாமல் விட்டேன். மறுநாளும் அதே கேள்வி. அதற்கு அடுத்த நாள், "பதில் போட வேணாம். நல்லா இருக்கேன்னு மட்டும் ஒரு வார்த்த" என்று வந்தது. நான் யார், எங்கே வேலை பார்க்கிறேன் என்று எழுதினேன். கொடைரோடு ஸ்டேஷன் எதிரே எஸ்.டி.டி. பூத் வைத்திருப்பதாகவும், ஒருநாள் வந்து போகச் சொல்லியும் எழுதினீர்கள். அந்த மடலில் முதல் மடலின் பதற்றம் இல்லை. ஏதோ அணைந்துபோனது போல இருந்தது.

என் வீட்டுக்காரருக்கு இது துளியும் பிடிக்கவில்லை. "யாரு என்னன்னு தெரியாத ஆளு. பொம்பளப் பேர வச்சிக்கிட்டு ஆம்பள எழுதுவான். பேப்பர்ல பாக்கலயா நீ?" என்றார். அந்தச் சந்தேகம் எனக்கும் இருந்தது. கடைசியில் அவரும் கூட வந்தார். பஸ்ஸை விட்டு இறங்கியதும், "நான் அந்த டீக்கடையில நிக்கேன். ஏதாச்சும்னா திரும்பிப் பாரு, போதும்" என்று சொல்லிவிட்டு விலகி நின்றுகொண்டார். நான் ரோட்டைக் கடந்தேன்.

பூத்தின் வாசலில் நீங்கள் நின்றிருந்தீர்கள். வாயல் புடவை, கழுத்தில் சின்னச் சிலுவை, கையில் மடித்த கைக்குட்டை. என்னைத் தாண்டி என் பின்னால் யாரும் வருகிறார்களா என்று பார்த்தீர்கள். பிறகு என்னைப் பார்த்தீர்கள். உங்கள் முகம் வாடியது, அக்கா. நான் அதைப் பார்த்துவிட்டேன். இவருக்கு என்னைப் பிடிக்கவில்லை என்று நினைத்தேன். ஆனால் அடுத்த நொடியே கையைப் பிடித்தீர்கள்.

"உள்ள வா தாயி. சாப்டியா?"

உள்ளே ஒரு மூலையில் கண்ணாடிக் கூண்டுக்குள் தொலைபேசி. இன்னொரு மூலையில், கொடைக்கானல் போகிறவர்கள் மடல் பார்ப்பதற்காக ஒரு கம்ப்யூட்டர். காப்பி கொடுத்தீர்கள். நான் பாதி குடித்திருப்பேன்.

"நீ அவனா இருப்பேன்னு நெனச்சேன். பொம்பளன்னு எழுதுன பொறகும் ஒரு நப்பாச" என்றீர்கள்.

"யாருக்கா?"

"எம் மகன். அமலு."

அதற்குப் பிறகு நீங்கள் சொன்னதையெல்லாம் நான் வரிசை மாறாமல் வைத்திருக்கிறேன். உங்கள் வீட்டுக்காரர் மலைக்கு வேன் ஓட்டுகிறவர். ஒரே மகனை இன்ஜினியர் ஆக்க வேண்டும் என்று காலேஜில் சேர்த்தார். பையனுக்குப் படிப்பு ஏறவில்லை. பாடங்கள் பாக்கி விழுந்தபடி இருந்தன. கடைசிப் பரீட்சை முடிவும் வந்த அன்று மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தவனைப் பார்த்து, வேன் ஸ்டாண்டு ஆட்கள் வாசலில் நிற்கும்போது, "இனி இந்த வீட்ல ஒனக்குச் சோறு இல்ல" என்றார். அமல் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனான். சட்டையைக்கூட மாற்றவில்லை. தொண்ணூறுகளின் கடைசி. யார் கையிலும் செல்போன் இல்லாத காலம். திருப்பூர், மதுரை, ஈரோடு என்று எங்கெங்கோ தேடினீர்கள். பேப்பரில் போட்டோ போட்டீர்கள். ஒன்றும் நடக்கவில்லை.

சில மாதம் கழித்து பூத்துக்கு ஓர் அழைப்பு வந்தது. எடுத்தால் யாரும் பேசவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. வைக்கவும் இல்லை. நீங்கள் அந்த மௌனத்திடம், "சாப்டியா?" என்று கேட்டீர்கள். துண்டித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு வருகிற ஒவ்வொரு ஊமை அழைப்புக்கும் அதே கேள்விதான். தவறான எண் என்று சிலர் திட்டியிருக்கிறார்கள்.

"அவனுக்குச் சின்னதுல இருந்தே இந்தப் படப்புதிர்னா உசுரு. சிறுவர் பத்திரிகையில வர்றத வெட்டி வெட்டி வச்சிருப்பான். இப்ப எங்கயோ கம்ப்யூட்டர் கடையில இருக்கான்னு ஒரு டிரைவர் வந்து சொன்னாப்ல. நெசமோ பொய்யோ. கம்ப்யூட்டர்ல புதிர் எங்க இருக்குதோ அங்க நின்னா ஒருநா வருவான்ல? அதான் நானும் இதக் கத்துக்கிட்டு உக்காந்திருக்கேன்."

நான் டீக்கடைப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். ஏதோ ஆபத்து என்று என் வீட்டுக்காரர் ஓடி வந்துவிட்டார். அவருக்கும் காப்பி கொடுத்தீர்கள்.

அன்றிலிருந்து குழுவில் புதிதாக ஒரு பெயர் வந்தால் எனக்கும் நெஞ்சு அடித்துக்கொள்ளத் தொடங்கியது. உங்கள் இணைப்பு அடிக்கடி அறுந்துபோகும். அப்போது எங்கள் சென்டருக்குப் போன் போட்டு, "கொம்பு, இன்னைக்குப் புதுசா யாரும் உண்டா?" என்பீர்கள். அந்த ஆட்டுக்குப் பிறகு நான் உங்களுக்குக் கொம்பு. இல்லை என்றால், "சரி தாயி" என்று வைத்துவிடுவீர்கள். அந்த 'சரி தாயி'யைக் கேட்பதற்குப் பதில் பொய் சொல்லிவிடலாமா என்றுகூட இருக்கும்.

ஒரு வருடத்துக்கு மேல் அப்படியே போனது. பிறகு 'வழிப்போக்கன்' என்று ஒருவர் சேர்ந்தார். அவர் எந்தப் புதிரும் போடவில்லை. யாருடைய புதிருக்கும் பதில் சொல்லவும் இல்லை. உங்களுடையதுக்கு மட்டும் சொன்னார். ஒரே சொல், வணக்கம் கிடையாது, கையெழுத்து கிடையாது. நிலமும் கோட்டையும் போட்டீர்கள், நிலக்கோட்டை என்றார். மிளகாய் வத்தலையும் ஒரு வெடிகுண்டையும் போட்டீர்கள், வத்தலக்குண்டு என்றார். பல்லாரியும் அவர்தான் சொன்னார்.

"நம்ம பக்கத்து ஆளுன்னு தெரியுது, அவ்வளவுதாங்க்கா. அமலுன்னு எப்பிடிச் சொல்றது?" என்றேன். உங்களை ஆசைப்பட விட எனக்குப் பயமாக இருந்தது. அவன் இல்லை என்று ஆகிவிட்டால் நீங்கள் என்ன ஆவீர்கள்? அவன்தான் என்று ஆகி, பிறகு ஓடிவிட்டால்?

நீங்கள் ஒரு படம் வரைந்தீர்கள். வரிசையாகப் பத்துப் பூச்சிகள். பத்தாவதைச் சுற்றி ஒரு கோணல் வட்டம். அதைக் குழுவில் போட்டீர்கள். எல்லோரும் 'பத்தாம் பூச்சி' என்றார்கள். அப்படி ஒரு சொல்லே இல்லையே, விடை தவறு என்று சிங்கப்பூர்க்காரர் கோபித்துக்கொண்டார். இரண்டு நாள் கழித்து வழிப்போக்கனின் பதில் வந்தது. முதன்முறையாக ஒரு சொல்லுக்கு மேல் இருந்தது.

"பட்டாம்பூச்சி. சின்னப் பிள்ளையில் அப்படித்தான் சொல்வேன்."

நான் போனில் அதைப் படித்துக் காட்டினேன். "அக்கா, இருக்கீங்களா?" என்றேன்.

"இருக்கேன். அவனுக்கு நாலு வயசு வரைக்கும் 'ட' வராது. பத்தாம்பூச்சி, பத்தாம்பூச்சின்னு தோட்டத்துல ஓடுவான்."

அழுவீர்கள் என்று நினைத்தேன். அழவில்லை. அன்றிலிருந்துதான் நீங்கள் அதிகம் பயப்பட ஆரம்பித்தீர்கள். கிடைக்காத பொருளுக்கு ஒரு பயம் என்றால், கைக்கு எட்டின பொருளுக்கு ஒன்பது பயம். நான் அவசரப்படுத்தினேன். சிங்கப்பூர்க்காரரிடம் கேட்டால் அவன் எந்த ஊரில் இருக்கிறான் என்று தெரிந்துவிடும், நேராகப் போய் நிற்கலாம் என்றேன். அல்லது 'அமல், அம்மாடா' என்று ஒரு மடல் போடுங்கள் என்றேன். வேண்டாமென்று தலையை ஆட்டினீர்கள்.

"பிடிக்கப் போனா பறந்துரும். அவன் பதில் சொல்ற மாதிரி கேக்கணும் கொம்பு. நமக்கு வேணும்ங்கிற மாதிரி கேக்கக் கூடாது."

அப்படியே மாதக்கணக்கில் நடந்தது. நீங்கள் ஒரு படம், அவன் ஒரு சொல். உலகத்தில் வேறு எந்தத் தாயும் பிள்ளையும் அப்படிப் பேசிக்கொண்டிருக்க மாட்டார்கள். இடையில் ஒரு தடவை பல வாரம் பதிலே இல்லை. நீங்கள் பாதியாக இளைத்துவிட்டீர்கள். பதில் வராததனால் என்று நினைத்திருந்தேன். சென்டர் மாடிப்படி ஏறி வந்த ஒருநாள் நீங்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கியதைப் பார்த்த பிறகுதான் வற்புறுத்திக் கேட்டேன். இதயத்தில் வால்வு பழுது. மதுரையில் பெரிய டாக்டர் ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று சொல்லியிருந்தார். நீங்கள் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்திருந்தீர்கள்.

"எதுக்குக்கா தள்ளிப் போடுறீங்க?"

"உள்ள போனவ திரும்பி வரலன்னா? அவன் எந்தப் பூத்துக்குப் போன் போடுவான்?"

"அப்ப அவனுக்கு இதச் சொல்லுங்க. உடனே வந்துருவான்."

நீங்கள் என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. கோபம் இல்லை, கெஞ்சல் மாதிரி.

"நோயச் சொல்லிக் கூப்பிட்டா நோயப் பாக்கத்தான் வருவான். என்னப் பாக்க வரமாட்டான். பாத்துட்டுப் போயிருவான். எனக்கு அவன் வீட்டுக்கு வரணும்."

எனக்குப் பொறுக்கவில்லை. அதற்கடுத்த இரண்டு வாரமும் நான் சரியாகச் சாப்பிடவில்லை. நானே எழுதிவிடலாமா என்று திரையின் முன்னால் உட்கார்ந்துவிட்டு, எழுந்து எழுந்து போனேன். அது உங்கள் பிள்ளை, உங்கள் உயிர், உங்கள் முடிவு. கையைக் கட்டிக்கொண்டேன்.

பிறகு நீங்கள் ஒரு படத்தை மனதில் வைத்துக்கொண்டு வந்தீர்கள். உங்கள் பூத்தில் கம்ப்யூட்டர் பழுது என்று உங்கள் வீட்டுக்காரரே வேனில் கூட்டிவந்து இறக்கினார். நான் அவரை அதற்கு முன் தூரத்தில்தான் பார்த்திருந்தேன். கட்டையான மனிதர், தோளில் துண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் பேசுகிறவர். இந்தக் குழு விஷயமெல்லாம் அவருக்குத் தெரியாது என்று நீங்கள் சொல்லியிருந்தீர்கள். அவர் மாடிப்படி வரை வந்து, மேலேயும் வந்து, கதவோரம் நின்றுகொண்டார்.

நீங்கள் சொல்லச் சொல்ல நான் வரைந்தேன். ஒரு வீடு. கதவு திறந்திருக்கிறது. உள்ளே தரையில் ஒரு தட்டு, ஒரு தம்ளர் தண்ணீர்.

"இதுல என்ன சொல் இருக்குங்க்கா?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் இல்ல. இது புதிரு இல்ல" என்றீர்கள்.

அனுப்பப் போனேன். அப்போது பின்னாலிருந்து குரல் வந்தது.

"வெறுந்தட்டா வைக்காதம்மா."

இருவரும் திரும்பினோம். அவர் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். துண்டை எடுத்து இரண்டு கையாலும் முறுக்கிக்கொண்டிருந்தார்.

"அதுல சோத்தப் போடு" என்றார். "நெறையாப் போடு."

சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டார். நீங்கள் அவர் போன வழியையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நான் தட்டில் சோற்றைக் குவித்து வரைந்தேன். தொட்டுக்கொள்ள ஓரத்தில் வெஞ்சனமும் வைத்தேன். போடப் போடச் சோறு மலை மாதிரி ஆகிவிட்டது. அப்படியே இருக்கட்டும் என்றீர்கள்.

குழுவில் ஆளுக்கொரு விடை சொன்னார்கள். விருந்து, வீட்டுச்சாப்பாடு, அன்னதானம். நீங்கள் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. வழிப்போக்கன் வாய் திறக்கவில்லை. ஒரு வாரம் போனது. அந்த வாரத்தில் எத்தனை கல்யாணப் பத்திரிகையில் நான் மாப்பிள்ளை பெயரையும் பெண் பெயரையும் மாற்றி அடித்தேன் என்று முதலாளிக்குத்தான் தெரியும்.

பிறகு அவனிடமிருந்து ஒரு படம் வந்தது. அதுவரை படமே போடாதவன். ஒரு சூரியன் மட்டும். வேறு ஒன்றும் இல்லை. மற்றவர்கள் சூரியன், கதிரவன், வெயில் என்று அடுக்கினார்கள். நான் போனில் சொன்னதும் உங்களுக்கு மூச்சு வாங்கியது.

"ஞாயிறு" என்றீர்கள். "வாரேங்கிறான்."

எந்த ஞாயிறு என்று அவன் சொல்லவில்லை.

அந்த வாரமே கோயிலுக்கு முதல் பூசைக்குப் போய்விட்டு ஸ்டேஷனுக்கு வந்துவிட்டீர்கள். நானும் வந்தேன். பெங்களூர் வண்டி வந்தது. இறங்கியவர்களெல்லாம் மலைக்குப் போகிற கூட்டம். மதுரைப் பாசஞ்சர் வந்தது. பிறகு ஒரு கூட்ஸ் நின்று போனது. வெயில் ஏறும்வரை இருந்தோம். அவன் வரவில்லை. நீங்கள் என்னிடம் சமாதானம் சொன்னீர்கள், நான் உங்களிடம் சொன்னேன். இரண்டு பேரும் நம்பவில்லை.

அடுத்த ஞாயிறு நான் வர மனமில்லாமல்தான் வந்தேன். நீங்கள் மறுபடி ஏமாறுவதைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை. பிளாட்பாரத்துச் சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள். உங்கள் நாடித்துடிப்பு என் கைக்குத் தெரிந்தது. ஓடி ஓடி நின்றது. வண்டி வந்து, நின்று, போய்விட்டது. கொய்யாப்பழக்காரி கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள். பிளாட்பாரம் காலியானது.

"நான்தான் தப்பாப் படிச்சிட்டேன் போல. அது வெறும் சூரியனா இருக்கும்" என்றீர்கள்.

உங்களை மெல்ல நடத்தி வீட்டுக்குக் கூட்டிவந்தேன். நின்று நின்று நடந்தீர்கள். வீட்டு வாசலில் உங்கள் வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். அன்று வேன் எடுக்கவில்லை. எங்களைப் பார்த்ததும் எழுந்தார். உதட்டில் விரல் வைத்தார்.

"மெதுவா வா" என்றார். "திண்டுக்கல்ல வந்து எறங்கி பஸ்ல வந்துட்டான். சாப்டுட்டு, செத்த நேரத்துக்கு முன்னாடிதான் கண்ணசந்தான்."

நான் உங்கள் தோளைப் பிடித்தேன், விழுந்துவிடுவீர்களோ என்று. நீங்கள் விழவில்லை. கதவு வரை போய் எட்டிப் பார்த்தீர்கள். உள்ளே வெறுந்தரையில், கையைத் தலைக்கு வைத்து, வளர்ந்த ஓர் ஆண்பிள்ளை ஒருக்களித்துப் படுத்திருந்தான். நெற்றி முடி கொஞ்சம் ஏறியிருந்தது. பக்கத்தில் கழுவாத தட்டு.

"எழுப்பட்டா?" என்று அவர் கேட்டார்.

"வேணாம். தூங்கட்டும்" என்றீர்கள்.

அவன் விழிக்கும்வரை நீங்கள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தீர்கள். நான் விடைபெற்றது உங்களுக்குத் தெரியவே இல்லை. பஸ்ஸில் திண்டுக்கல் வந்து சேரும்வரை எனக்கு அடங்காத அழுகை. பக்கத்தில் இருந்த அம்மாள் துக்க வீட்டுக்குப் போகிறேன் என்று நினைத்து என் முதுகைத் தடவிக் கொடுத்தார்.

முதல் ஞாயிறும் அவன் வந்தானாம். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு வரை வந்து, கொடைரோடு பஸ்ஸில் ஏறி, இறங்கி, வேலை பார்த்துக்கொண்டிருந்த பெங்களூருக்கே திரும்பிப் போயிருக்கிறான். அப்பாவை நினைத்து வந்த பயம். அதைப் பின்னால் அவனே சொன்னபோது நீங்கள் சிரித்தீர்கள். "நீயும் நானும் ஒரே சமயத்துல பயந்துக்கிட்டு உக்காந்திருக்கோம்டா" என்றீர்கள். ஆபரேஷனுக்கு அவன்தான் கையெழுத்துப் போட்டான். உங்களை உள்ளே கொண்டுபோகும்போது அவர்கள் அப்பாவும் மகனும் ஒரே பெஞ்சில், நடுவில் இடம் விட்டு உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன். வெளியே கொண்டுவரும்போது அந்த இடைவெளி இல்லை.

அதன் பிறகு உங்களுக்குச் சில நல்ல வருடங்கள் கிடைத்தன. என் இடுப்பிலிருந்த மகளை வாங்கிக் கொஞ்சினீர்கள், பேத்தியைத் தூக்கினீர்கள். பூத் தொழில் படுத்த பிறகும் அந்தத் தொலைபேசியை மட்டும் எடுக்க விடவில்லை. குழு மெல்ல அடங்கிப்போனது. ஓர் ஐப்பசி மழைநாளில் அமல் எனக்குப் போன் செய்தான். "சித்தி, சாப்டீங்களா?" என்றான். அதற்கு மேல் பேச அவனுக்கு வரவில்லை. நீங்கள் இல்லை என்று எனக்குப் புரிந்துவிட்டது.

இன்று இதை எழுத உட்கார்ந்ததற்கு அந்தப் படம் மட்டும் காரணம் இல்லை, அக்கா. நீங்கள் பார்த்தபோது என் இடுப்பில் இருந்தாளே, என் மகள், அவள் இப்போது சென்னையில் வேலை பார்க்கிறாள். கல்யாணப் பேச்சில் எங்களுக்குள் வார்த்தை தடித்துவிட்டது. போனை எடுப்பதில்லை. போன வாரம் எனக்கு ரத்த அழுத்தம் ஏறி ஒருநாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். "அதச் சொல்லு. அடுத்த பஸ்ஸப் பிடிச்சு ஓடி வருவா" என்றார் என் வீட்டுக்காரர். போனைக் கையில் எடுத்தேன். நீங்கள் அன்று சென்டரில் என்னைப் பார்த்த பார்வை குறுக்கே வந்து நின்றது. கீழே வைத்துவிட்டேன்.

ஆனால் சும்மா இருக்கவும் என்னால் முடியவில்லை. ஏன் பேசவில்லை என்று கேட்டால் அவளால் பதில் சொல்ல முடியாது. அவளால் பதில் சொல்ல முடிகிற ஒன்றைத் தேடினேன். அலமாரியைக் குடைந்ததில் அவளுடைய பழைய மஞ்சள் சுடிதார் ஒன்று கிடைத்தது. "இது ஒனக்கு வேணுமா, இல்ல யாருக்காச்சும் குடுத்துரவா?" என்று கேட்டு அனுப்பினேன். நேற்று முழுக்கப் பதில் இல்லை. இரவு தூக்கம் இல்லை. போனைக் கவிழ்த்து வைத்தேன், நிமிர்த்தி வைத்தேன். உங்களுக்குத் தெரியும் அது எப்படி இருக்கும் என்று.

இன்று மத்தியானம் பதில் வந்தது. ஒரே சொல்.

"வேணும்."

துவைத்துக் கொடியில் போட்டிருக்கிறேன், அக்கா. பயம் இன்னும் போகவில்லை. இப்போதுதான் மொட்டைமாடிக்குப் போய், காய்ந்துவிட்டதா என்று தொட்டுப் பார்த்துவிட்டு வந்தேன்.